பத்து ரூபாய் உரிமை

2011 ஜனவரி 7 அன்று கூச் பிஹார் எல்லையில், இந்தியாவிலிருந்து வங்கதேசத்துக்குத் திரும்பிக்கொண்டிருந்த ஃபெலானி என்ற 15 வயதுப் பெண் முள்வேலியைத் தாண்டும்போது சுட்டுக் கொல்லப்பட்டாள். உடல் மணிக்கணக்கில் வேலியிலேயே தொங்கியது. அப்பா அவளுக்கு முன்னால் ஏறி இறங்கிவிட்டிருந்தார். சுட்டதாகக் குற்றம் சாட்டப்பட்ட காவலரை எல்லைப் பாதுகாப்புப் படையின் சொந்த நீதிமன்றம் 2013இல் விடுவித்தது. மறுபடி விசாரித்து 2015லும் விடுவித்தது.

அப்போது நான் காலேஜில் இருந்தேன். அந்தப் புகைப்படம் மட்டும்தான் கண்ணில் பட்டது. அந்த விசாரணைக் காகிதங்கள் யாருடையவை என்ற கேள்வி ரொம்ப வருஷம் கழித்துத்தான் வந்தது.

2005ஆம் வருடத்துத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் இரண்டாவது அட்டவணையில் எல்லைப் பாதுகாப்புப் படையின் பெயர் இருக்கிறது. 24ஆம் பிரிவின்படி, அந்தப் பட்டியலில் இருக்கிற அமைப்புகளுக்குச் சட்டமே பொருந்தாது. ஊழல், மனித உரிமை மீறல் குற்றச்சாட்டுகள் மட்டும் விதிவிலக்கு. மனித உரிமை என்றால் மத்தியத் தகவல் ஆணையம் வேறு ஒப்புதல் தர வேண்டும்.

ரோந்து நேரம், கேமரா இருக்கும் இடம் எல்லாம் வெளியே போகக்கூடாதுதான். அதில் எனக்குச் சண்டை இல்லை. ஆனால் அதற்கு 8ஆம் பிரிவு ஏற்கெனவே இருக்கிறது. ஒவ்வொரு ஆவணமாகப் பார்த்து, நாட்டின் பாதுகாப்பைக் கெடுப்பதை மறுக்கலாம். 24 செய்வது வேறு. ஒரு ஃபைல் ரகசியம் என்பதற்காக மொத்த ஃபோல்டரையும் பூட்டுகிறது. ஆபீஸில் நான் அப்படிப் பெர்மிஷன் கொடுத்தால், 'சோம்பேறித்தனம்' என்று ரிவ்யூவில் திருப்பி அனுப்பிவிடுவார்கள். இங்கே அதைப் பாதுகாப்பு என்கிறோம்.

எனக்கு உறுத்துவது இன்னொன்று. 3ஆம் பிரிவு இந்த உரிமையைக் குடிமக்களுக்குத்தான் தருகிறது. அமெரிக்கத் தகவல் சுதந்திரச் சட்டத்தில் எந்த நாட்டுக்காரரும் விண்ணப்பிக்கலாம், தன்னைப் பற்றிய குடியேற்றக் கோப்பையும் கேட்கலாம். நம்மிடம் அது இல்லை. மக்கள் வரிப்பணத்தில் உண்டான ஆவணம் மக்களுக்குச் சொந்தம் என்ற வாதம் ஊராட்சி ரோட்டுக்குச் சரி. எல்லைப் படையின் கோப்பில் இருப்பவர்களில் பாதிப் பேர் வேலிக்கு அந்தப் பக்கத்து ஆட்கள் ஆயிற்றே! காகிதத்துக்குப் பணம் கொடுத்தவன் உரிமையாளனா, காகிதத்தில் செத்துக்கிடப்பவளின் அப்பாவா?

சென்னையில் உட்கார்ந்துகொண்டு பத்து ரூபாய் கட்டி, ஃபெலானியின் சாவைப் பற்றி நான் விண்ணப்பம் போடலாம். கிடைக்குமா என்பது வேறு விஷயம், கேட்கவாவது முடியும். அவள் அப்பாவை எல்லை தாண்டி வரவழைத்து, அந்த நீதிமன்றத்தில் சாட்சி சொல்ல வைத்தார்கள். அவர் சொன்ன சாட்சியின் நகலை இந்தச் சட்டத்தின் கீழ் அவரால் கேட்க முடியாது.