காத்திராத பழம்

ராஸ்பெர்ரி வரதராஜன்பேட்டையில் காய்க்காது. வெப்பம் ஏழு டிகிரிக்குக் கீழே இறங்கிப் பல நூறு மணி நேரம் நின்றால்தான் அதன் மொட்டு உறக்கம் கலையும். மார்கழி விடியலில் நாம் போர்வையை இழுத்துக்கொள்கிறோமே, அந்தக் குளிர் அதற்குப் போதாது. இந்தச் செம்மண்ணுக்கு வாய்த்தது முந்திரி. ஆண்டிமடம், ஜெயங்கொண்டம் பக்கம் எந்தத் திசையில் நடந்தாலும் கொஞ்ச தூரத்தில் ஒரு முந்திரிக்கொல்லை வந்துவிடும்.

இரண்டுக்கும் உறவில்லை. ஒன்று ரோஜாவின் குடும்பம், மற்றது மாமரத்தின் குடும்பம். ஆனாலும் ராஸ்பெர்ரியைப் பற்றி எங்கே படித்தாலும் எனக்கு முந்திரிப்பழம்தான் நினைவுக்கு வருகிறது. செடியை விட்டு வந்தபின் இரண்டும் யாருக்காகவும் காத்திருப்பதில்லை.

*

ராஸ்பெர்ரி பார்வைக்கு ஒரு பழம். உண்மையில் அது ஒரு கூட்டம். ஒரே பூவுக்குள் பல சூலகங்கள். ஒவ்வொன்றும் குட்டி மாங்காய் போலத் தனக்கென்று தோலும் சதையும் உள்ளே ஒரு கொட்டையும் வைத்துக்கொள்கிறது. நூறு வரைகூட இருக்கும். மெல்லிய மயிர்கள் அவற்றை ஒன்றோடொன்று பின்னி நிறுத்துகின்றன. நடுவில் வெள்ளையாக ஒரு கூம்பு.

பழுத்துவிட்டால் இழுத்துப் பறிக்க வேண்டியதில்லை. விரல் பட்டாலே கழன்று வரும். கூம்பு செடியிலேயே தங்கிவிடும், பழத்துக்குள் குழி இருக்கும். பழுக்காததை எவ்வளவு இழுத்தாலும் வராது, நசுங்கும். நிறத்தைப் பார்த்துத் தெரிந்துகொள்வதைவிட விரலால் தெரிந்துகொள்வதே மேல் என்று தோட்டக்காரர்கள் சொல்வது இதனால்தான்.

குழி விழுந்த பழம் தன் மேல் வரும் எடையைத் தாங்காது. அடுக்கி வைத்தால் அடியில் உள்ளது கூழாகும். ஈரம் பட்டால் சாம்பல் நிறப் பூஞ்சை பிடிக்கும். குளிர்பெட்டியில் வைத்தாலும் இரண்டு மூன்று நாள்தான். உலகுக்கு ராஸ்பெர்ரி அனுப்பும் செர்பியா தன் விளைச்சலில் மிகப் பெரும் பகுதியை உறையவைத்தே அனுப்புகிறது. அசல் பழத்தின் ருசி, புதர் இருக்கும் ஊர்க்காரர்களுக்கே முழுதாகத் தெரியும்.

*

முந்திரியில் முதலில் வருவது கொட்டை. பூ உதிர்ந்த இடத்தில் பச்சையாக வளைந்து தொங்கி, முழு அளவை எட்டிவிடும். அதுவரை காம்பு வெறும் காம்பாகவே இருக்கும். கடைசிச் சில வாரங்களில்தான் அது உப்பத் தொடங்கி, மஞ்சளோ சிவப்போ ஏறிப் பழம் என்று நாம் அழைப்பதாக ஆகிறது. தாவர நூல்களின் கணக்கில் கொட்டைதான் பழம். நாம் கடித்துச் சாறு வழியத் தின்பது காம்பு.

மரத்தின் பக்கம் நின்று யோசித்தால் இந்த ஏற்பாடு தெளிவாகவே இருக்கிறது. கொட்டையின் தோட்டுக்குள் எரிக்கும் எண்ணெய் வைத்திருக்கிறது. பச்சைக் கொட்டையைக் கடித்துப் பார்த்த பிள்ளைகளின் உதடு வெந்துபோவதை இந்தப் பக்கத்தில் எல்லா வீட்டிலும் பார்த்திருப்பார்கள். அந்தக் கொட்டையைத் தூரத்துக்குக் கொண்டுபோவதற்கான கூலிதான் சதை. வௌவால் பழத்தோடு தூக்கிப் போய், வேறெங்கோ தொங்கியபடி சதையைத் தின்று, கொட்டையைக் கீழே போடும். ராஸ்பெர்ரியும் பறவைக்கு இதே கூலியைத்தான் கொடுக்கிறது; அதன் விதை பறவையின் வயிற்றுக்குள் பயணம் போகும்.

மனிதராகிய நாம் மட்டும் இங்கே கூலியைத் தரையில் விட்டுவிட்டு, மரம் ஒளித்துவைத்ததை எடுத்துக்கொள்கிறோம்.

*

பங்குனி. கொட்டை பொறுக்கும் காலம். தவக்காலமும் பெரும்பாலும் இதையொட்டியே வரும். மாதா கோவிலைச் சுற்றி வாழும் ஊர் இது. வெள்ளிக்கிழமை சாயங்காலம் சிலுவைப்பாதைக்குப் போகிறவர்களில் பலர் காலையில் கொல்லையில் குனிந்து நின்றவர்கள். ஈஸ்டருக்குப் புதுத்துணி எடுக்கும் காசில் முந்திரிக் காசும் கொஞ்சம் இருக்கும்.

வெயில் ஏறுமுன் தொடங்கிவிடுகிறார்கள். இரவில் விழுந்ததை எடுத்து, ஒரு திருகு. கொட்டை கூடைக்கு, பழம் தரைக்கு. பழக்கப்பட்ட கை பார்க்காமலே செய்கிறது. சாறு பட்ட துணியில் கறை போகாது என்பதால் எல்லோரும் பழந்துணிதான் கட்டியிருப்பார்கள்.

"கொட்டய மட்டும் எடு சாமி. பழம் கெடந்துட்டுப் போவுது."

"நீங்க தின்ன மாட்டீங்களா ஆயா?"

"ஒண்ணு ரெண்டு தின்னலாம். இத்தன பழத்த என்னா பண்றது?"

அந்தக் கேள்வி நியாயமானது. கொட்டையின் எடையைப் போலப் பழத்தின் எடை ஐந்து மடங்கு, சில மரங்களில் பத்து மடங்கு. ஒரு மூட்டை கொட்டை வீட்டுக்குப் போனால் பல மூட்டை பழம் மரத்தடியில் கிடக்கிறது என்று பொருள். விடியலில் விழுந்தது சாயங்காலத்துக்குள் புளித்த வாடை எடுத்துவிடும். கொட்டைக்குப் பண்ருட்டி வரை வியாபாரி இருக்கிறார். பழத்துக்கு யாரும் வருவதில்லை. கொட்டைக்கு மட்டும் கூலி கிடைக்கும் வேலையில், பழத்தையும் காப்பாற்று என்று அந்தப் பெண்களிடம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

கோவாவில் இதே பழத்தை மிதித்துச் சாறெடுத்து, காய்ச்சி, ஃபெனி ஆக்குகிறார்கள். 2009-இல் அதற்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. போர்த்துகீசியர் பிரேசிலிலிருந்து கொண்டுவந்த மரம் அங்கே முழு மரமாகப் பயன்படுகிறது. இங்கே நமக்கு மதுவாக வேண்டாம். பழமாகவே வேண்டும், அன்றைக்கே வேண்டும். இந்த ஆசை எனக்கு வருடத்துக்கு வருடம் கூடிக்கொண்டே போகிறது.

*

ராஸ்பெர்ரியின் சொந்தக்காரர்கள் நம் மலைகளில் இருக்கிறார்கள். நீலகிரி, கொடைக்கானல் பக்கம் பாதையோரத்தில் வளைந்து தொங்கும் முள்கொடிகளில் இரண்டு அதிகம் கண்ணில் படும். ஒன்றின் பழம் பொன்மஞ்சள். மற்றதன் தண்டில் வெள்ளைப் பொடி பூசியிருக்கும், பழம் சிவந்து பின் கறுக்கும். மைசூர் ராஸ்பெர்ரி என்று உலகம் அழைப்பது அதைத்தான். உறைகுளிர் கேட்காமல் காய்க்கிறது என்பதால் வெப்ப நாடுகளுக்கு எடுத்துப் போனார்கள். கலாபகஸ் தீவுகளில் அது காட்டை மூடும் களையாகிவிட்டது. பொன்மஞ்சள் பழக்காரி ஹவாயில் அதே வேலையைச் செய்கிறாள்.

இங்கே மலைப்பாதையில் நடப்பவர் நாலு பறித்து வாயில் போட்டு நகர்வதற்கு உரிய செடி, அங்கே கத்தியும் மருந்தும் கொண்டு விரட்டப்படுகிறது. செடி மாறவில்லை. அதன் பூச்சிகள், அதைத் தின்னும் ஆடுமாடுகள், அதோடு நெருக்கியடித்து வளரும் மற்றப் புதர்கள் எதுவும் கூடப் போகவில்லை.

*

சமவெளியில் நம்மில் பலருக்கு ராஸ்பெர்ரி முதலில் வந்தது எசென்ஸ் பாட்டிலில்தான், சர்பத்தின் சிவப்பில். அந்த மணத்துக்கு முக்கியமான பொருள் பழத்தில் ஒரு கிலோவுக்குச் சில மில்லிகிராம்தான் உண்டு. அதனால் ஆலையில் செய்கிறார்கள். கேக்கின் மேல் வைக்கும் செர்ரியின் கதை இன்னும் சுவையானது: நம் பேக்கரிகளில் அந்த இடத்தில் பெரும்பாலும் உட்கார்ந்திருப்பது சீனிப்பாகில் ஊறிச் சாயம் ஏறிய களாக்காய். முட்புதரில் பால் வடியப் பறிக்கும் அதே களாக்காய். வெளியூர்ப் பழத்தின் பெயரில் அது எத்தனை பிறந்தநாள்களுக்குப் போயிருக்கிறது! சொந்தப் பெயரில் அது ஊறுகாய் ஜாடிக்குள் மட்டும் இருக்கிறது.

*

உடம்புக்கு என்ன என்று கேட்கிறார்கள். கேட்பதில் தவறில்லை.

நூறு கிராம் ராஸ்பெர்ரியில் ஆறரை கிராம் நார்ச்சத்து. அவ்வளவு மென்மையான பழத்தில் இவ்வளவு நார் எங்கிருந்து வருகிறது என்றால், பல்லிடுக்கில் மாட்டும் அந்தச் சின்னக் கொட்டைகளிலிருந்து. அதனால் வடிகட்டிச் சாறாகக் குடித்தால் பழத்தின் பெரிய நன்மையே சல்லடையில் நின்றுவிடும். சர்க்கரை ஐந்து கிராமுக்கும் குறைவு. வைட்டமின் சி 26 மில்லிகிராம்.

நூறு கிராம் முந்திரிப்பழத்தில் வைட்டமின் சி 200 மில்லிகிராமை ஒட்டி இருக்கும், மரத்துக்கு மரம் மாறும். ஒரு நாளைக்கு ஆணுக்கு 80, பெண்ணுக்கு 65 மில்லிகிராம் என்று இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2020-இல் வகுத்தது. மரத்தடியில் நின்று ஒரு நல்ல பழம் தின்றால் அன்றைய தேவை கிட்டத்தட்ட முடிந்துவிடுகிறது. சர்க்கரை இதில் கூடுதல், பத்து சதவீதத்தை ஒட்டி. நீரிழிவுக்காரர்கள் அதை மனதில் வைத்துக்கொள்ள வேண்டும்.

இந்த எண்களை எழுதும்போது ஒரு தயக்கம் வருகிறது. எண்ணுக்காகத் தின்பவர் மாத்திரை வாங்கலாம், இன்னும் எளிது. விலை உயர்ந்த சிறு பெட்டியில் விமானத்தில் வந்த ராஸ்பெர்ரியைச் சென்னையில் வாங்கித் தின்பவருக்கு எண் முழுதாகவே கிடைக்கிறது. புதருக்கு முன் நிற்பது கிடைக்கவில்லை. காலையில் எழுந்து கொல்லைக்குப் போய், குனிந்து, பூச்சி விழாததாகப் பார்த்து எடுத்து, சாறு முழங்கைக்கு வழியாதபடி முன்னால் சாய்ந்து நின்று கடிப்பது, அந்த நேரத்தில் வேறெதையும் செய்ய முடியாமல் இருப்பது: இதையும் ஊட்டம் என்றே நான் எண்ணுகிறேன்.

*

தொண்டைக் காறலைப் பற்றி. முந்திரிப்பழத்தை ஒதுக்குகிறவர்கள் எல்லோரும் சொல்லும் காரணம் இது. டானின் என்ற துவர்ப்புப் பொருள் நம் எச்சிலில் உள்ள புரதத்தைப் பிடித்துக்கொள்கிறது. வழுவழுப்புப் போய் நாக்கும் தொண்டையும் வறண்டு இழுக்கின்றன. ராஸ்பெர்ரியிலும் அந்த இனத்துப் பொருள் உண்டு, மெல்லியதாக. அதன் இனிப்பு திகட்டாமல் இருப்பதற்கு அதுவும் ஒரு காரணம். பிள்ளைகள் முந்திரிப்பழத்தை நறுக்கி உப்பும் மிளகாய்த்தூளும் தூவித் தின்பார்கள். உப்பு காறலைக் கொஞ்சம் அடக்கும்.

துவர்ப்பை முழுக்க எடுத்துவிட்ட பழத்தை எனக்குப் பிடிக்காது. அறுசுவையில் ஒன்றுக்கு இடம் கொடுக்க மறந்துபோன நாக்குக்கு ஒரு பருவத்திலாவது அது வேண்டும்.

*

சமையலறைக்கு எழுதிவைப்பது.

பழம் மரத்தில் தொட்டதும் வருவதாக இருக்கட்டும், அல்லது அப்போதுதான் விழுந்து வெடிக்காததாக. கொட்டையைத் திருகி எடுத்துத் தனியே வைக்கவும். அதன் எண்ணெய் பழத்தில் படக்கூடாது. இரும்புப் பாத்திரமும் இரும்புக் கத்தியும் வேண்டாம், துவர்ப்பு இரும்போடு சேர்ந்து கறுத்துவிடும். எவர்சில்வர் போதும்.

பச்சடிக்கு: துண்டுகளை உப்புப் போட்டு அலசி, இட்லிப்பானையில் கொஞ்ச நேரம் ஆவி காட்டி, வெல்லம், சிட்டிகை உப்பு, வரமிளகாய் தாளித்து இறக்கவும். சூடு பட்டால் வைட்டமின் சி ஓரளவு போகும். போகட்டும், ருசி வரும்.

ஜாமுக்கு: முந்திரிப்பழம் தனியே இறுகத் தயங்கும். சித்திரைக் கடைசியில் களாக்காய் வரத் தொடங்கியதும் ஒரு கைப்பிடி நறுக்கிச் சேர்த்தால் அதன் பெக்டின் பிடித்துக்கொள்ளும், நிறமும் கொஞ்சம் ஏறும். ராஸ்பெர்ரி கிடைக்கிறவர்கள் பழத்துக்குச் சம அளவு சர்க்கரை போட்டுச் சில நிமிடம் கொதிக்கவிட்டாலே போதும். நெடுநேரம் காய்ச்சினால் மணம் போய்விடும். ராஸ்பெர்ரியைக் கழுவுவது தின்பதற்குச் சற்று முன்னால்தான்.

சாற்றுக்கு: பிழிந்து, வெள்ளைத் துணியில் வடிகட்டி, ஆறிய சோற்றுக்கஞ்சியைச் சாற்றில் எட்டில் ஒரு பங்கு ஊற்றிக் கலக்கி அசையாமல் வைக்கவும். டானின் கஞ்சியோடு கூடித் திரிந்து அடியில் இறங்கும். கஞ்சி இல்லாவிட்டால் வெந்த ஜவ்வரிசிப் பசையும் இதையே செய்யும். மேலே நிற்கும் தெளிவை மெதுவாக வேறு பாத்திரத்துக்கு இறுத்து, எலுமிச்சை பிழிந்து அன்றைக்கே குடித்துவிட வேண்டும். பிழிந்த சக்கையை எறிய வேண்டாம். தகரத்தில் பரப்பி நல்ல வெயிலில் காயவைத்தால் மாட்டுக்கு ஆகும்.