அடங்கிய மனமும் ஆக்கத் திறனும்

பரீட்சை மண்டபத்தில் எவ்வளவு நினைத்தும் வராத விடை, வீடு திரும்பிக் கிணற்றடியில் வாளியை எடுத்ததும் தானாக வந்து நிற்கும். இவ்வநுபவம் இல்லாதவர் அரிது. மனத்தை நெருக்கும்போது ஒளிக்கும் எண்ணம், அது தளர்ந்ததும் வெளிப்படுவது ஏன்? அப்படியாயின் தியானம் செய்பவனுக்கு உழைப்பு வேண்டியதில்லையா? இவ்விரு வினாக்களும் ஒன்றாக வைத்துச் சிந்திக்கத்தக்கவை.

கணித மேதை சீனிவாச இராமானுஜன் (1887-1920) சென்னைத் துறைமுகத்தில் எழுதுவினைஞராகக் கடமையாற்றியவர். அங்கிருந்தே 1913 ஆம் ஆண்டு கேம்பிரிட்ஜ் கணித அறிஞர் ஹார்டிக்குத் தம் தேற்றங்களை எழுதி அனுப்பினார். நாமக்கல் நாமகிரித் தாயாரே கனவில் சூத்திரங்களை அருளினாள் என்று அவர் கூறியதாகச் சொல்வர். இக்கதையைப் பிள்ளைகளுக்குச் சொல்வோர் அதன் மறுபாதியைச் சொல்வதில்லை. சிலேட்டில் எழுதுவதும் முழங்கையால் அழிப்பதுமாக ஆண்டுக்கணக்கில் கணக்கிலேயே தோய்ந்து, குறிப்புப் புத்தகங்களை நிரப்பியவர் அவர். ஜேர்மனிய இரசாயன அறிஞர் கெக்குலேயும், தன் வாலைத் தானே கவ்விய பாம்பை அரைத்தூக்கத்தில் கண்டு பென்சீனின் வளைய அமைப்பை உணர்ந்ததாக 1890 இல் கூறினார். அப்பாம்பு வேறு எவர் கனவில் வந்திருப்பினும் வெறும் பாம்பாகவே போயிருக்கும்.

நயினை நாகபூஷணி அம்மையைப் பாடிய நாகமணிப் புலவரை மக்கள் ‘வரகவி’ என்றே போற்றுவர். வரத்தினாற் பாடியவர் என்பது அதன் பொருள். ஆயினும் யாப்பும் சொல்வளமும் நாவிற் பழகாதவனிடம் வரம் வந்தாலும் தங்குவதற்கு இடமில்லை. உழைப்பு நிலத்தை உழுகின்றது. அமைதி மழையாக இறங்குகின்றது. இரண்டில் ஒன்று பொய்த்தாலும் விளைவில்லை.

யோகர் சுவாமிகள் (1872-1964) கிளிநொச்சியில் நீர்ப்பாசனப் பகுதிக் களஞ்சியப் பொறுப்பாளராக இருந்தவர். நல்லூர்த் தேரடியிற் செல்லப்பா சுவாமிகளின் அருளைப் பெற்று, கொழும்புத்துறை இலுப்பை மரத்தடியில் ஆண்டுகள் பல இருந்தார். நற்சிந்தனைப் பாடல்கள் பல அவர் வாயில் இயல்பாகப் பிறக்க, அடியார்கள் எழுதி வைத்தனர். பாடல் இயற்றுவதற்காக அவர் தவமிருக்கவில்லை என்பதே இங்கு கவனிக்கத்தக்கது.

தியானம் யாவும் ஒரே பயனைத் தருவதுமில்லை. நெதர்லாந்தின் லெய்டன் பல்கலைக்கழக ஆய்வாளர் 2012 இல் வெளியிட்ட ஆய்வில், ஒன்றையே பற்றிநிற்கும் தியானத்தையும், எழும் எண்ணங்களைப் பற்றாது நோக்கியிருக்கும் தியானத்தையும் ஒப்பிட்டனர். பல புதிய யோசனைகள் தோன்றுவதற்குப் பின்னையதே துணைசெய்தது. சைவப் பெரியோர் ‘சும்மா இருத்தல்’ எனப் போற்றிய நிலை இதனினும் மிக உயர்ந்தது. எனினும் பற்றாது நோக்கல் அதன் வாயிற்படி எனலாம்.

இங்கே அறம் பற்றிய வினா எழுகின்றது. தீவகத்துப் பரவைக்கடலில் ஒற்றைக்காலில் நிற்கும் கொக்கைப்போல் அசைவற்று இருப்பார் யாருமில்லர். அதன் எண்ணமோ மீன்மேல். அடங்கிய மனம் கூரிய கத்தி போன்றது. வஞ்சனைக்கும் புது வழி காட்டும். ஆதலால் அமைதியோடு அன்பும் ஒழுக்கமும் சேர்ந்தாலன்றி ஆக்கம் ஆக்கமாகாது. திறமைக்காக மட்டும் தியானத்தை நாடுபவன், கோயிலுக்கு வந்தும் பிரசாதத்தோடு திரும்புபவனை ஒப்பான்.

இன்றைய பிள்ளைக்கு விடியற்காலையில் ரியூசன், பின்பு பாடசாலை, மாலையில் மீண்டும் ரியூசன், இரவில் கைத்தொலைபேசி. உழுத நிலத்தில் மழை இறங்க நேரமே இல்லை. ஆலயங்களும் இதில் குற்றமற்றவை அல்ல. அமைதி தேடி வருபவரின் செவியைத் திருவிழா நாட்களில் ஒலிபெருக்கிகள் நிறைத்துவிடுகின்றன. பாட்டுப் போடுவது பக்தி என்றால், அதனை அரைமணி நேரம் நிறுத்துவதும் பக்தியே. மாலைப் பூசை முடிந்தபின் ஒலிபெருக்கியை அணைத்து, பிள்ளைகளை வெளிவீதி மணலிற் சற்று நேரம் மௌனமாக இருத்தினால், அதுவும் ஓர் உபயமாகும். செலவில்லாத அவ்வுபயத்தை ஏற்க அடியார்கள் முன்வருவார்களாக.