கல்லுக்கு எழுதிய ஊர்

இலங்கையின் மஸ்கெலியா மலையில் எங்கே தோண்டினாலும் அம்மோனைட் புதைபடிவம் கிடைக்காது. பூமிக்குள் சூட்டிலும் அழுத்தத்திலும் வெந்து உருமாறிய பழம்பாறை இது. கடலுயிர் பதிந்த படிவுப்பாறை அல்ல. ஆனால் இங்கே தோட்ட லயங்களில் இருக்கும் பலருடைய பூட்டனும் பூட்டியும் விட்டு வந்த திருச்சிச் சீமையில், ஊட்டத்தூர், காரை, ஒதியம், அரியலூர் வட்டாரத்தில், மழை அறுத்த ஓடைக்கரைகளில் அம்மோனைட் தானாகவே வெளியே வந்து கிடந்தது.

ஆட்டுக்கிடாயின் கொம்பைப் போலச் சுருண்ட ஓடு அது. அறுத்துப் பார்த்தால் உள்ளே அறை அறையாகத் தடுப்பு இருக்கும். கணவாய்க்கு உறவான அந்த உயிர் கடைசி அறையில் மட்டுமே குடியிருந்தது. வளர வளரப் பின்னால் சுவர் வைத்துவிட்டு முன்னே நகர்ந்தது. பின்னறைகளில் நிறைந்த காற்று அதை மிதக்க வைத்தது. சுவர் ஓட்டைத் தொடும் இடத்தில் ஒரு கோடு நெளிந்து நெளிந்து ஓடும். இனத்துக்கு இனம் அது வேறாக இருப்பதால், அறிந்தவர்கள் அந்தக் கோட்டைப் பார்த்துப் பெயர் சொல்வார்கள். 6.6 கோடி ஆண்டுகளுக்கு முன் அந்தக் குலமே அற்றுப் போனது.

1860களில் இந்தியப் புவியியல் ஆய்வுத் துறையின் பிளான்ஃபோர்டும் ஸ்டோலிச்காவும் இந்தக் கற்களை ஆராய்ந்து பெரிய நூலாக வெளியிட்டார்கள். எந்த ஊர், எந்தப் படிவு என்பதையும் சேர்த்தே எழுதினார்கள். பிற்காலத்தில் ஓர் அம்மோனைட் பேரினத்துக்கே ஊட்டத்தூரின் பெயர் வந்தது.

அதே காலத்தில்தான் தமிழ்நாட்டு மாவட்டங்களிலிருந்து நம் ஆட்கள், ஆள் சேர்த்த கங்காணியின் பின்னால் இலங்கையின் காப்பித் தோட்டங்களுக்கு நடந்தார்கள். நடந்தவர்களைத் தலை எண்ணினார்கள். வழியில் விழுந்தவர்களின் ஊரைக் கேட்டு எழுத யாரும் நிற்கவில்லை. 1948இல் இலங்கைக் குடியுரிமைச் சட்டம் வந்து, தகப்பன் பிறந்த இடத்துக்குத் தாள் கேட்டபோது, பரம்பரையாக இங்கே உழைத்தவர்களும் வெறுங்கையோடு நின்றார்கள்.

ஆகவே, மெருகேற்றி விலைச்சீட்டு ஒட்டிய அம்மோனைட்டைப் பார்க்கும்போது எனக்கு மகிழ்ச்சி வருவதில்லை. சேர்ப்பது குற்றம் என்று சொல்லமாட்டேன். சிமெண்டுக்காகச் சுண்ணாம்புக்கல் வெட்டும் அரியலூரில், சுரங்கத்தில் நொறுங்கப் போவதை எடுத்து வைப்பவர் நல்லதே செய்கிறார். பிள்ளைகள் ஆசையாய்ப் பொறுக்குவதும் படிப்புத்தான். ஆனால் எடுத்த இடத்தை எழுதாமல் எடுப்பது, பின்னால் வருகிற எல்லோருடைய பங்கையும் சேர்த்து எடுப்பது. எந்த அடுக்கில் இருந்தது என்று தெரியாத கல், தன் காலத்துக் கடலைப் பற்றிச் சொல்லக்கூடியது மிகக் கொஞ்சம். காசு கொடுத்து வாங்கியவரிடம் மீதி இருப்பது அழகு மட்டுமே.

ஒரு பொருளையோ ஆளையோ இடம் பெயர்க்கிறவன், பெயர்த்த இடத்துக்குக் கணக்கு வைக்கக் கடன்பட்டவன். வெள்ளைக்காரத் துரைகள் அந்தக் கடனை நமக்குத் தீர்க்கவில்லை. அதற்காக நாமும் கைகட்டி இருப்பதா? வயதான அப்பாயிமார் இருக்கும்போதே ஒரு கொப்பியை எடுத்துக்கொண்டு பக்கத்தில் உட்காருங்கள். நம் முன்னோர் விட்டு வந்த ஊரைக் கேட்டு எழுதுங்கள். சொன்னவர் பெயரையும் சொன்ன தேதியையும் குறியுங்கள். ஐயமாகச் சொன்னதை ஐயம் என்றே எழுதுங்கள். ஊர்ப்பெயர் நினைவில்லை என்றால் குலதெய்வத்தைக் கேளுங்கள்; அந்தச் சாமியின் கோயில் எங்கே என்று தேடினால் ஊர் பெரும்பாலும் அகப்பட்டுவிடும்.