சும்மா வருகிறவள்

சனிக்கிழமை மாலைகளில் திண்டுக்கல்லில் இருந்து வேடசந்தூர் பக்கம் ஒரு கிராமத்துக்குப் போகிறேன். அங்கே சமுதாயக்கூடத்தில் வளரிளம் பெண்களுக்கான மன்றம் நடக்கிறது. மாதவிடாய், குழந்தைத் திருமணச் சட்டம், கல்லூரி விண்ணப்பம் என்று ஒரு மணி நேரம் பேச்சு. பிறகு இருட்டும் வரை எறிபந்து. ஆறு வருஷமாக நான்தான் பொறுப்பாளர். சம்பளம் கிடையாது. நோட்டும் பந்தும் என் கைக்காசு.

போன வருஷம் பத்தாம் வகுப்புப் பெண் ஒருத்தி கேட்டாள்: "அக்கா, இதுக்கு உங்களுக்கு எவ்வளவு தர்றாங்க?"

"ஒண்ணும் இல்லம்மா. சும்மாதான் வர்றேன்." கொஞ்சம் பெருமையாகவே சொன்னேன்.

"எங்கம்மா வீட்ல சும்மா இருக்கிற மாதிரியா?"

அவள் அம்மா விடியுமுன் தண்ணீர் பிடித்து, சமைத்து, மாமியாருக்கு மருந்து கொடுத்து, இரண்டு மாடுகளைப் பார்க்கிறவர். 'என்ன செய்றாங்க?' என்று கேட்டால் ஊரே 'வீட்ல சும்மா இருக்காங்க' என்று சொல்லும். காசு இல்லாமல் செய்வதும் சும்மா, ஒன்றும் செய்யாமல் இருப்பதும் சும்மா. இரண்டுக்கும் நம் மொழியில் ஒரே சொல் இருப்பதன் பொருள் அன்றுதான் எனக்கு உறைத்தது.

இந்த வட்டாரம் முழுக்க நூற்பாலைகள். மூன்று வருஷம் வேலை பார்த்தால் முடிவில் மொத்தமாக ஒரு தொகை, அது கல்யாணத்துக்கு ஆகும் என்று சொல்லி, 'சுமங்கலித் திட்டம்' என்ற பெயரில் இளம்பெண்களை ஆலைகளுக்கு அழைத்துப் போன மாவட்டங்களில் எங்களுடையதும் ஒன்று. கூலியைக் கூலி என்று சொல்லாமல் தாலிக்கான சேமிப்பாக்கியதில்தான் அதன் சூட்சுமம் இருந்தது. மன்றத்தில் நான் இதை நடத்தியிருக்கிறேன். "சம்பளச் சீட்டு கேளுங்க. பாசமாப் பேசுறாங்கன்னு கணக்கை விட்டுடாதீங்க" என்று சொல்லியிருக்கிறேன். அதைச் சொன்னவள் கணக்கே கேட்காதவள். பிள்ளைகள் நம் பேச்சைவிட நம்மைத்தான் படிக்கிறார்கள்.

சேவையை நான் மட்டமாகச் சொல்லவில்லை. 1947இல் சின்னாளபட்டிக்குப் பக்கத்தில் காந்திகிராமத்தைத் தொடங்கிய டாக்டர் சௌந்தரம் அம்மாளின் மாவட்டம் இது. அவர் சட்டமன்றத்துக்குப் போனார். 1962இல் திண்டுக்கல்லில் வென்று மக்களவைக்குப் போய், மத்தியக் கல்வித் துணை அமைச்சரானார். தொண்ணூறுகளில் அறிவொளி இயக்கத்தில் சம்பளமின்றிப் பாடம் சொன்ன பெண்களுக்கு, இரவில் வீட்டை விட்டு வெளியே வர அந்தத் தொண்டுதான் சாக்காக இருந்தது. புதுக்கோட்டையில் அது சைக்கிளும் கற்றுக் கொடுத்தது. பொது வாழ்க்கைக்குள் நுழைய நம்மில் பலருக்குத் திறந்த ஒரே கதவு சேவைதான். ஆனால் உள்ளே வந்த பிறகும் எத்தனை பேரை அந்த வாசலிலேயே நிற்க வைத்திருக்கிறோம்?

2021இல் தமிழ்நாடு அரசு 'இல்லம் தேடிக் கல்வி' தொடங்கியது. வீதிதோறும் மாலை வகுப்பெடுக்க வந்த தன்னார்வலர்களில் மிகப் பெரும்பாலோர் பெண்கள். மாதம் 1,000 ரூபாய். நாளுக்கு ஒன்றரை மணி, மாதம் 20 நாள் என்று வைத்தாலும் மணிக்கு 33 ரூபாய். அதன் பெயர் மதிப்பூதியம். ஊதியத்தைக் குறைத்துவிட்டு முன்னால் மதிப்பைச் சேர்த்துக்கொண்ட சொல். 2022 ஏப்ரலில் அங்கன்வாடிப் பணியாளர்களின் வழக்கில் உச்ச நீதிமன்றம், அவர்கள் வாங்கும் மதிப்பூதியமும் சம்பளம்தான், பணிக்கொடைக்கு அவர்களுக்கு உரிமை உண்டு என்று தீர்ப்பளித்தது. எத்தனையோ வருஷம் 'தொண்டு' என்று அழைக்கப்பட்டதை வேலை என்று அழைக்க, நீதிமன்றம் வரை போக வேண்டியிருந்தது.

அப்படியானால் எல்லாவற்றுக்கும் விலை வைத்துவிடலாமா? அங்கேதான் எனக்குத் தயக்கம். அந்தப் பிள்ளைகள் ஆசிரியரிடமும் அதிகாரியிடமும் சொல்லாததை என்னிடம் சொல்கிறார்கள். நான் யாருடைய ஆளும் இல்லை என்பதுதான் காரணம். அந்த நம்பிக்கைக்குச் சம்பளப் பட்டியலில் இடம் கிடையாது. கொடுப்பதில் ஒரு சந்தோஷம் உண்டு. அதை இழக்க எனக்கு மனமில்லை.

யோசித்து யோசித்து ஓர் இடத்துக்கு வந்தேன். மறுக்க முடிந்தவள் கொடுப்பதுதான் கொடை. என்னால் மறுக்க முடியும். வீட்டில் இன்னொரு சம்பளம் இருக்கிறது. அதனால்தான் நான் பொறுப்பாளர். ஆலையில் ஷிப்ட் பார்க்கும் அம்மாவோ, சேரியில் இருந்து களையெடுக்கப் போகும் அக்காவோ இந்த ஆறு வருஷத்தில் ஒருநாளும் பொறுப்பாளராகவில்லை. பிள்ளைகளைப் பற்றி என்னைவிட அதிகம் தெரிந்தவர்கள் அவர்கள். ஒரு மாலைக் கூலியை விட்டுவிட்டு வர அவர்களால் முடியாது. சம்பளமில்லாத பதவி எல்லாருக்கும் திறந்தது போலத் தெரியும். உண்மையில் அது வசதியையும் சாதியையும் பார்த்துத்தான் ஆள் எடுக்கிறது.

மன்றத்தை நடத்தும் அமைப்பிடம் இரண்டு கேட்டேன். பிள்ளைகளுக்கான செலவை அவர்களே ஏற்க வேண்டும். எனக்குத் துணையாக ஓர் ஆலைத் தொழிலாளியைச் சேர்த்து, அவர் இழக்கும் கூலியை ஈடுகட்ட வேண்டும். வருஷத்துக்கு ஒருமுறை வந்து 'ஆளுமைத் திறன்' பற்றிப் பேசும் ஆண் பயிற்சியாளருக்குக் கட்டணமும் காரும் உண்டு என்பதை நினைவூட்டினேன். "சேவைக்கு விலை பேசலாமாம்மா? உங்களுக்குத்தான் டவுன் பஸ்ஸும் இலவசமாச்சே" என்றார் நிர்வாகி. நோட்டுக்கும் பந்துக்கும் காசு வந்தது. கூலி ஈடு இன்னும் வரவில்லை. நான் கேட்பதையும் நிறுத்தவில்லை.

இப்போது வகுப்பு முடிந்ததும் எத்தனை மணி நேரம் வேலை பார்த்தேன் என்று கரும்பலகையில் எழுதுகிறேன். பிள்ளைகளும் அந்த வாரம் வீட்டில் தாங்கள் பார்த்த வேலை நேரத்தைப் பக்கத்தில் எழுதுகிறார்கள். பல வாரம் என்னுடையதைவிட அவர்களுடையது அதிகம்.

அந்தப் பெண் இப்போது பதினொன்றாம் வகுப்பு. புதிதாகச் சேர்ந்த ஒரு சிறுமி போன மாதம் அதே கேள்வியை என்னிடம் கேட்டாள். நான் வாயைத் திறக்குமுன் இவள் சொன்னாள்: "அக்காவுக்குக் காசு தர்றதில்ல. ஆனா அக்கா சும்மா வரல."

அவள் அம்மாவைப் பற்றியும் அப்படித்தான் சொல்கிறாளா என்று இன்னும் கேட்கவில்லை. அடுத்த சனிக்கிழமை கேட்க வேண்டும்.