ஒரு பெயர்கூடத் தெரியாது

கடலூரில் பஸ் கிளம்பியதிலிருந்து, ஒயரின் ஒரு முனை அக்கா மகன் காதிலும் மறுமுனை என் காதிலுமாக உட்கார்ந்திருந்தோம். அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் இரண்டாம் ஆண்டு படிக்கிறான். சிதம்பரம் போய்ச் சேருவதற்குள் 'தி லெஜண்ட் ஆஃப் கொர்ரா' கதையை எனக்குப் புகட்டிவிடுவது என்று முடிவு செய்திருந்தான். 2012லிருந்து 2014 வரை வந்த அமெரிக்கக் கார்ட்டூன் தொடர். பொம்மைப் படம்தானே என்று சாய்ந்து உட்கார்ந்தவன், ஆலப்பாக்கம் தாண்டுவதற்குள் நிமிர்ந்துவிட்டேன்.

அதில் ஜாஹீர் என்றொரு வில்லன். அரசு என்பதே கூடாது என்பவன். பா சிங் சே என்ற நகரத்து ராணி, காற்றை ஆளும் வித்தை வாய்த்த குடிமக்களைப் பிடித்துப்போய்த் தன் படைக்குப் பழக்குகிறாள். ஜாஹீர் அரண்மனைக்குள் புகுந்து, அவள் நெஞ்சிலிருக்கும் காற்றையே உருவிக் கொல்கிறான். நீங்கள் விடுதலை பெற்றுவிட்டீர்கள் என்று ஊருக்கு அறிவிக்கிறான். அடுத்த காட்சியில் கொள்ளை, தீ.

"ராணி பண்ணது அநியாயம்தானே மாமா? அவன் கேட்டதுல என்ன தப்பு?"

"கேட்டதுல தப்பில்லடா."

"அப்புறம் எதுக்கு வில்லன்னு காட்டறாங்க?"

அவனுக்கு இதில் பழைய கோபம் ஒன்றும் இருந்தது. முதல் பருவத்தில் ஆமோன் என்று ஒரு முகமூடிக்காரன் வருவானாம். வித்தை உள்ளவர்கள் இல்லாதவர்களை மிதிக்கிறார்கள், எல்லாரும் சமம் என்பான். கூட்டம் சேரும். கடைசியில் அவனே வித்தைக்காரன் என்று அம்பலமாகிறது. கூட்டம் கலைகிறது, கூட்டத்தோடு கேள்வியும். "அவன் பொய் சொன்னான் சரி, மிதிபட்டது பொய்யா?" என்றான். நியாயமான கேள்விதான். வில்லனின் கேள்வி கனத்துப்போனால் அவன் கையில் ஒரு கொலையையோ வாயில் ஒரு பொய்யையோ கொடுத்துவிடுவது கதை எழுதுகிறவர்களுக்கு வசதி. கதாநாயகி பதில் சொல்லவேண்டிய தொல்லை இல்லை.

இவ்வளவு கேட்கிறவனுக்குச் சொந்த மாவட்டத்துக் கதை தெரியவில்லை. பெண்ணாடத்துப் புலவர் கலியபெருமாளைச் சொன்னேன். தமிழாசிரியர். கூலி விவசாயிகளைத் திரட்டி நக்சல்பாரிப் பாதைக்குப் போனவர். 1970ல் அவருடைய தோப்பில் வெடிகுண்டு செய்யும்போது வெடித்து மூன்று தோழர்கள் இறந்தார்கள். கொலை வழக்கில் தூக்குத் தண்டனை. பிறகு அது ஆயுளாகக் குறைந்து, 1983ல் வெளியே வந்தார். 2007ல் காலமானார். அவர் வழியில் வந்து தமிழ்நாடு விடுதலைப் படையைத் தொடங்கியவர் தமிழரசன்.

1987 மார்ச்சில் அந்தப் படையினர் அரியலூர்ப் பக்கம் மருதையாற்றுப் பாலத்துக்குக் குண்டு வைத்தார்கள். சென்னையிலிருந்து திருச்சி போகும் இரவு வண்டி, மலைக்கோட்டை எக்ஸ்பிரஸ், கவிழ்ந்தது. இருபது பேருக்கு மேல் செத்துப்போனார்கள். எனக்கு அப்போது பத்து வயது. விருத்தாசலத்தில் பாட்டி வீட்டுக்கு எதிரே டீக்கடை. ஒரு பெரியவர் பேப்பரைப் பார்த்து "பாவிப் பசங்க" என்றார். கொஞ்ச நேரம் கழித்து, அதே பெரியவர், "பசங்க கேட்டதுல ஞாயம் இருக்குதுப்பா" என்றார். முப்பத்தெட்டு வருஷம் கழித்தும் நான் அந்த இரண்டு வாக்கியத்தைத் தாண்டவில்லை என்றுதான் தோன்றுகிறது.

அதே ஆண்டு செப்டம்பரில் பொன்பரப்பியில் வங்கிக் கொள்ளைக்குப் போன தமிழரசனும் தோழர்களும் கூட்டத்தின் நடுவே அடித்துக் கொல்லப்பட்டார்கள். அது போலீஸ் போட்ட திட்டம் என்பார்கள். கையில் ஆயுதம் இருந்தும் ஜனங்கள் மேல் சுடவில்லை என்பார்கள், அவரைக் கொண்டாடுகிறவர்கள். நான் அதை நம்புகிறேன். நம்புவதால்தான் உறுத்துகிறது. பொன்பரப்பியில் எதிரே நின்றவர்களுக்கு முகம் இருந்தது. பாலத்தின் மேல் இருட்டில் தூங்கிக்கொண்டு வந்தவர்களுக்கு அது இல்லாமல் போயிற்று.

"'விடுதலை' படத்துல வர்ற ரயில் இதானா?" என்றான். 2023ல் வந்த படம். கவிழ்ந்த ரயிலுக்குள் காமிரா நகர்ந்துகொண்டே இருக்கும் நீண்ட காட்சியோடு தொடங்கும். வேறு பெயர், வேறு ஊர். ஆனால் பார்த்த எங்கள் பக்கத்துக்காரர்களுக்கு மருதையாறுதான் நினைவுக்கு வந்தது. அந்தக் காட்சி முடிந்ததும் படம், வாத்தியார் என்று அழைக்கப்படும் போராளித் தலைவருக்கும் போலீசுக்கும் போய்விடும். ரயிலில் வந்தவர்களிடம் திரும்பாது.

பஸ் பி.முட்லூரைக் கடந்து வெள்ளாற்றுப் பாலத்தில் ஏறியது. அவன் சண்டைக்கு வந்தான். "கவர்மெண்டு மட்டும் கொல்லலியா மாமா? எங்க யூனிவர்சிட்டி ராஜேந்திரன் சும்மாவா செத்தாரு?" 1965 ஜனவரியில், இந்தி எதிர்ப்புப் போராட்டத்தில், போலீஸ் சுட்டு இறந்த மாணவர். சிதம்பரத்தில் சிலை இருக்கிறது. அவன் சொன்னதும் சரி. ஆனால் ராஜேந்திரனுக்குச் சிலை, தமிழரசனுக்கு வீரவணக்கப் போஸ்டர், வாத்தியாருக்குப் படம். அந்த ரயிலில் செத்தவர்களுக்கு?

கலகக்காரனின் மனச்சிக்கலை எழுத எல்லாருக்கும் ஆசை. எனக்கும்தான், இதோ எழுதிக்கொண்டிருக்கிறேன். அந்த ரயிலில் தங்கை கல்யாணத்துக்குக் கடன் வாங்கிக்கொண்டு வந்த ஒருவன் இருந்திருக்கலாம். அவனுக்கும் கேள்விகள் இருந்திருக்கும். அவனை யாரும் கேட்கவில்லை. பா சிங் சேயில் அவனைப் போன்றவர்களை ராணியும் கேட்டதில்லை, ஜாஹீரும் கேட்கவில்லை. என் கணக்கில் ஜாஹீர் வில்லனாவது அந்த இடத்தில்தான்.

"ஊரு பத்தி எரிஞ்சுதே, அதுல செத்தவங்க யாருக்காவது பேரு வருதா பாரு" என்றேன்.

அவன் போனைப் பின்னுக்குத் தள்ளித் தள்ளிப் பார்த்தான். சிதம்பரம் வந்துவிட்டது. "இல்ல மாமா" என்று ஒயரைச் சுருட்டினான்.

மருதையாற்றில் இறந்தவர்களில் ஒருவர் பெயர்கூட எனக்குத் தெரியாது. படிக்கிறவர்களில் யாருக்காவது தெரிந்திருந்தால் எழுதுங்கள்.