எங்கத்தா போற?

புதுக்கோட்டையிலிருந்து சித்தன்னவாசல், அங்கிருந்து அன்னவாசல், குடுமியான்மலை, திரும்பவும் புதுக்கோட்டை. மொத்தம் 40 கிலோமீட்டருக்குச் சற்று மேல். மேடு என்று சொல்லும்படி ஒன்றும் கிடையாது. போன தை மாசம் ஊருக்குப் போயிருந்தபோது, ஒரு ஞாயிற்றுக்கிழமை விடிகாலையில் என் கியர் சைக்கிளில் இந்த வட்டத்தைச் சுற்றி வந்தேன். இருபக்கமும் செம்மண், தைலமரக் காடு, நடுநடுவே பனையும் கண்மாயும். 'ரொம்ப சுலபமான ரூட், யார் வேணும்னாலும் போகலாம்' என்று நண்பர்களுக்குச் செய்தியும் அனுப்பினேன். அந்தச் சுலபம் என்ற சொல்தான் பிறகு என்னைப் படுத்தி எடுத்தது.

சித்தன்னவாசலில் எல்லோரும் ஓவியம் பார்க்கத்தான் போவார்கள். அறிவர் கோயிலின் விதானத்தில் தாமரைக் குளம், மீன்கள், யானை, பூப்பறிக்கும் ஆள்கள். பாதிக்கு மேல் அழிந்துவிட்டது, மிச்சமிருப்பதே போதும். எனக்கு அதைவிடக் குன்றின் மேலே இருக்கும் ஏழடிப்பட்டம்தான் பிடிக்கும். தலைமாட்டில் தலையணைபோல மேடு விட்டுச் செதுக்கிய 17 கற்படுக்கைகள். சமணத் துறவிகள் கிடந்து தவம் செய்த இடம். ஒரு படுக்கையில், யாருக்காக யார் செய்துகொடுத்தது என்று தமிழ்ப் பிராமியில் வெட்டி வைத்திருக்கிறார்கள். அந்த வழவழப்பைத் தொட்டுப் பார்த்துவிட்டு, ஜெல் வைத்த என் சைக்கிள் சீட்டை நினைத்துக் கொஞ்சம் சிரித்துக்கொண்டேன்.

அன்னவாசல் தாண்டி ஒரு டீக்கடை. பெஞ்சில் உட்கார்ந்திருந்த பெரியவர் என் ஹெல்மெட்டையும் சைக்கிளையும் மேலும் கீழும் பார்த்துவிட்டு, "எங்கத்தா போற?" என்றார். "சும்மாதான்" என்று தொண்டை வரை வந்துவிட்டது. ஆனால் வாயில் வந்தது வேறு. "குடுமியான்மலைக் கல்வெட்டு பாக்கப் போறேன் தாத்தா." அவர் முகம் தெளிந்தது. "படிக்கிற புள்ளையா, போ போ."

நான் படிக்கிற பிள்ளை இல்லை. முப்பது வயது, சென்னையில் வேலை. எதற்குப் பொய் சொன்னேன்? அவரும் தன் சைக்கிளைப் புளியமரத்தில் சாய்த்துவிட்டு அங்கே சும்மாதான் இருந்தார். எங்க போறீங்க என்று அவரிடம் யாரும் கேட்டிருக்க மாட்டார்கள்.

குடுமியான்மலையில் குடைவரைக்குப் பக்கத்துப் பாறையில், கிரந்த எழுத்தில் சுரங்களை வரிவரியாக வெட்டியிருக்கிறார்கள். 7ஆம் நூற்றாண்டை ஒட்டிய இசைக் கல்வெட்டு. மாணவர்களின் நன்மைக்காகச் செய்தது என்று அதிலேயே குறிப்பு உண்டு. அதன் முன்னால் நின்றபோதுதான் உறைத்தது. பாட்டுக்குக்கூட ஒரு பயனைச் சொல்லித்தான் கல்லில் ஏற்றியிருக்கிறார்கள். நானும் இந்த ஊர்வலத்துக்குள் சித்தன்னவாசலையும் குடுமியான்மலையையும் அப்படித்தான் சேர்த்திருக்கிறேன். வரலாறு எனக்குச் சாக்கு. அது இல்லாமல் ஒரு பெண் செம்மண் காட்டுக்குள் சைக்கிளில் சும்மா சுற்றினாள் என்றால், அதைச் சொல்ல எனக்கே வாய் கூசியிருக்கும்.

இதே மண்ணில்தான் 1990களின் தொடக்கத்தில் அது நடந்தது. அறிவொளி இயக்கம் எழுத்தோடு சேர்த்துப் பெண்களுக்குச் சைக்கிளும் கற்றுக்கொடுத்தது. அப்போதைய ஆட்சியர் ஷீலா ராணி சுங்கத் அதை முன்னின்று நடத்தினார். பத்திரிகையாளர் பி. சாய்நாத் விரிவாக எழுதியிருக்கிறார். குடுமியான்மலைக் கல்குவாரிகளில் வேலை பார்த்த பெண்கள்கூடக் கற்றுக்கொண்டார்கள். பல பெண்கள் ஆண்கள் ஓட்டும் சைக்கிளையே கேட்டார்களாம். அதில் இருக்கும் பாரில் பிள்ளையை உட்கார வைக்கலாம். நானும் அப்படி ஒரு பாரில் உட்கார்ந்து வளர்ந்தவள்தான். அம்மா அந்த அலையில் கற்றுக்கொண்டவள்.

தண்ணீர் எடுக்க, சந்தைக்குச் சரக்கு கொண்டுபோக, பிள்ளையைப் பள்ளிக்கூடத்தில் விட. அந்தப் பெண்களின் சைக்கிளைப் பற்றிப் பேசும்போதெல்லாம் நாம் இந்தப் பட்டியலைத்தான் சொல்கிறோம். பட்டியலில் பொய் இல்லை. ஆனால் விடுதலைக்கு ஏன் இத்தனை சாட்சி? வேலை மிச்சமாகிறது, வீட்டுக்கு லாபம் என்று நிரூபித்த பிறகுதான் பெடலில் கால் வைக்கலாம் என்றால், அது விடுதலையா, வேலைக்குக் கொடுத்த கருவியா? எதிர்த்தும் கேட்கலாம். குவாரியில் கல் உடைப்பவளுக்குச் சும்மா சுற்ற ஏது நேரம்? சும்மா என்பதே வசதி உள்ளவர்களின் பேச்சு இல்லையா? திரும்பி வரும் வழி முழுக்க இரண்டாவது கேள்விதான் என்னைக் குத்தியது. அவர்களுடையது தேவை, என்னுடையது பொழுதுபோக்கு என்று பிரித்து வைத்து, நன்றாகக் குற்ற உணர்ச்சியும் பட்டுக்கொண்டேன். அதிலும் ஒரு சுகம் இருந்தது என்பதை மறைக்க வேண்டாம்.

வீட்டுக்கு வந்து அம்மாவிடம் சொன்னேன். "நீ பட்ட கஷ்டத்த நான் வெளையாட்டா பண்றேம்மா."

வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தவள் நிமிர்ந்து பார்த்தாள். "கஷ்டம்னு யாருடி சொன்னா? நானும் ஒரு நா சும்மா போனேன்."

கல்யாணமான இரண்டாம் வருஷம். அப்போது அன்னவாசல் பக்கம் கிராமத்தில் இருந்தார்கள். தண்ணீருக்கு இரண்டு கிலோமீட்டர் போக வேண்டும். ஒரு மத்தியானம் குடத்தைக் கேரியரில் கட்டிக்கொண்டு கிளம்பியவள், குழாய்ப் பக்கம் திரும்பாமல் நேராக மிதித்திருக்கிறாள். சித்தன்னவாசல் வரை.

"ஓவியம் பாத்தியா?"

"ஒண்ணும் பாக்கல. சைக்கிள நிறுத்திட்டு மரத்தடியில உக்காந்திருந்தேன். கொஞ்ச நேரம். அப்புறம் திரும்பிட்டேன்."

முப்பது வருஷத்துக்கு மேல் இதை யாரிடமும் சொன்னதில்லை. சொல்ல என்ன இருக்கு என்கிறாள். பள்ளிக்கூடத்துக்கு மிதித்தது, சந்தைக்கு மிதித்தது எல்லாம் எனக்குத் தெரியும். வீட்டில் எத்தனையோ தடவை சொன்ன கதைகள் அவை. இந்த ஒன்றுக்கு மட்டும் சொல்லிக்கொள்ளக் காரணம் இல்லை. அதனால் கதையும் இல்லை.

அவளைச் சிலையாக்கி வைத்திருந்த இடத்தில் இப்போது மரத்தடியில் ஒருத்தி உட்கார்ந்திருந்தாள். எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. உடனே எழுதிவிட வேண்டும் என்று தோன்றியது. அப்போதுதான் இன்னொன்று நினைவுக்கு வந்தது.

"அன்னிக்குத் தண்ணி யாரும்மா எடுத்தா?"

அம்மா வெங்காயத்தோலை முறத்தில் ஒதுக்கினாள். "உங்க அப்பத்தாதான். வேற குடத்த எடுத்துக்கிட்டு நடந்து போயிருக்கு. நான் வர்றப்ப எதுக்க வந்துச்சு, இடுப்புல குடத்தோட."

அப்பத்தாவுக்குக் கடைசி வரை சைக்கிள் ஓட்டத் தெரியாது. காலிக் குடம் கட்டிய சைக்கிளோடு மருமகள் எதிரே வந்து நின்றபோது அந்த மனுஷி என்ன நினைத்திருக்கும்?

"எங்க போனன்னு கேக்கலையா?"

"கேக்கல. கொடத்த வாங்கப் போனேன், குடுக்கல. வீட்டுல சோறு இருக்கு, போயி சாப்புடுன்னுச்சு."