கூடலேகம்

இல்லறத்தார் ஏற்கும் வாய்மை அணுவிரதத்திற்கு அதிசாரங்கள் ஐந்து என்று தத்துவார்த்த சூத்திரத்தின் ஏழாம் அத்தியாயம் கூறும். அவற்றுள் ஒன்று கூடலேகக் கிரியை. அஃதாவது பொய்யாவணம் எழுதுதல். பத்திரம் எழுதுவோர்க்கும் வணிகர்க்குமே உரிய குற்றம் இது என்று பல்லாண்டு எண்ணியிருந்தேன்.

கொட்டச்சேட்டில் பக்கவாதத்தால் படுத்திருந்த என் கணவருக்கு மழைக்காலத்தில் படுக்கைப்புண் கண்டது. எலும்புக்கும் படுக்கைக்கும் இடையே சதை நசுங்க, நுண்ணிய இரத்தக் குழாய்கள் அடைபட்டு அவ்விடம் உயிரிழக்கிறது. முதல் நிலையில் அழுத்தினாலும் மறையாத சிவப்பு. இரண்டில் தோல் கழலும். மூன்றில் கொழுப்பு தெரியும். நான்கில் தசையும் எலும்பும். இரண்டு மணிக்கொருமுறை புரட்டிப் படுக்கவைத்தால் பெரும்பாலும் தடுக்கலாம். நான் உறங்கிவிட்ட இரவுகள் பல.

மூச்சுத்திணறலுக்காகச் சேலத்து மருத்துவமனை ஒன்றில் சேர்த்தோம். மூன்றாம் நாள் செவிலியர் புண்ணைக் கண்டு, "வீட்டிலேயே இருந்ததாம்மா?" என்றார். அருகில் உறவினர் நின்றனர். "இல்லை" என்றேன். அவர் அப்படியே எழுதிக்கொண்டார்.

என் பேத்தி சென்னையில் அமெரிக்க மருத்துவக் குறிப்புகளுக்குக் குறியீடு இடும் பணி செய்கிறாள். எல் 89.153 என்றால் பின்னிடுப்பெலும்பின்மேல் மூன்றாம் நிலைப் புண்ணாம். சேரும்போதே இருந்ததா என்பதற்குத் தனியே ஓர் எழுத்து உண்டு. மருத்துவமனையில் உண்டான மூன்றாம், நான்காம் நிலைப் புண்ணுக்கு அந்நாட்டு மெடிகேர் திட்டம் 2008 அக்டோபர் முதல் கூடுதல் தொகை தருவதில்லை. "நாங்கள் நோயாளியைப் பார்ப்பதில்லை பாட்டி, எழுதியிருப்பதைத்தான் நம்புகிறோம்" என்றாள். நம் ஊரில் அவ்விதி இல்லை. எனினும் அன்றிரவு எனக்கு உறக்கம் வரவில்லை.

நாணத்தால் சொன்ன சொல், எவரையும் கெடுக்கும் எண்ணமின்றிச் சொன்னது, குற்றமாகுமோ? பிரமாதமாகிய கவனமின்மையையே இம்சைக்கு வேராக நம் ஆசிரியர்கள் வைத்தனர். புண் வந்ததும் அதனால்; பொய் வந்ததும் அதனால். நோயுற்ற முனிவரின் வாந்தியை அருவருக்காது கழுவிய உத்தாயன மன்னன் கதையை எத்தனை வகுப்புகளில் சொல்லியிருப்பேன்! புண்ணை நான் அருவருக்கவில்லை; அதற்குக் காரணமான என்னைத்தான் மறைத்தேன். பழியோ, இரவெல்லாம் அவரைப் புரட்டிவிட்ட அப்பெண்ணின்மேல் ஏறிற்று.

பிராயச்சித்தத்தில் முதலாவது ஆலோசனை, குற்றத்தைக் குருவிடம் உள்ளபடி கூறுதல். மறுநாள் காலை அச்செவிலியரிடமே கூறினேன். அவர் பழைய வரியை அழிக்கவில்லை. அதன்கீழ் நாளும் நேரமும் இட்டு, "வீட்டிலேயே இருந்தது, மனைவி கூறியது" என்று எழுதி, காற்று மெத்தையைச் சரிசெய்யப் போனார்.